அசலில் வரவு வைக்கவும்

சோபாவின் தவணை முடிந்த மாதம்
முப்பத்தேழு பவுண்டு
எங்கள் கணக்கில் திகைத்து நின்றது.
அதைச் செலவழிக்கப் பழகுமுன்
வீட்டுக்கடன் பக்கம் திருப்பிவிடலாம் என்றேன்.
ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே கெதின்
எழுபத்திரண்டாயிரத்துக்கு முப்பத்தேழா,
யானைப் பசிக்குச் சோளப்பொரி என்றான்.

மாதம் நானூற்று நாற்பத்திரண்டு கட்டினோம்.
முந்நூற்று முப்பது வட்டிக்கே போனது.
மிச்சம் நூற்றுப் பன்னிரண்டுதான்
செங்கல்லைத் தொட்டது.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
விரிப்புகளை மடித்தபடி கணக்குப் போட்டேன்:
மூன்று முப்பத்தேழு சேர்ந்தால்
கடைசியிலிருந்து ஒரு மாதம் உதிர்கிறது,
அதன் வட்டியும் குட்டி போடுமுன்பே சாகிறது.
யானை அப்படியொன்றும் பெரிதில்லை.

இரண்டாம் ஆண்டு வங்கி
எங்கள் கூடுதல் பணத்தைப் பாராட்டி
மாதத் தவணையைக் குறைத்துக் கடிதம் அனுப்பியது.
நாற்பது நிமிடம் தொலைபேசியில் வயலின் கேட்டேன்.
கடைசியில் வந்த பையனிடம் சொன்னேன்:
தொகையைக் குறைக்காதே அப்பா,
வருஷத்தைக் குறை.
ஏன் என்றான்.
குரலுக்கு இருபது வயதிருக்கும்.
அவனிடம் வருஷங்கள் நிறைய இருந்தன.

ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்குக்குமேல் கட்டினால்
அபராதம் என்றது பொடி எழுத்து.
கெதின் வயிறு குலுங்கச் சிரித்தான்.
அந்த எல்லையை நாங்கள்
தூரத்திலிருந்துகூடப் பார்த்ததில்லை.

காரின் கியர்பெட்டி உடைந்த மாதம் ஆறு பவுண்டு.
பஸ் டிப்போவில் வேலைநிறுத்தம் நடந்த
இரண்டு மாதமும் ஒன்றுமில்லை.
வட்டி விகிதம் சரிந்த ஆண்டில்
எங்கள் செங்குத்துத் தெரு முழுக்கப்
புதுச் சமையலறைகள் ஏறி வந்தன.
நாங்கள் பழைய தொகையையே கட்டிக்கொண்டிருந்தோம்
செய்தி எட்டாதவர்கள்போல.
பின்சுவரின் மழைத்தகரம் ஒழுகியது.
அடியில் ஒரு நீல வாளி வைத்தோம்.
ஸ்வான்சியில் மழைக்கு விடுமுறை கிடையாது.
வீடு நம்முடையதானதும் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்,
ஒவ்வோர் ஆண்டும்.

பிரெஞ்சு வகுப்பு பிரிட்டனிக்குக் கப்பலேறிய வாரம்
லவ்ரியும், இளைப்புள்ள ஒரு பையனும்
காலி வகுப்பறையில் செஸ் ஆடினார்கள்.
அந்தப் பயணக் கட்டணத்தையும்
நான் அசலில்தான் வரவு வைத்தேன்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
இப்போது கார்டிஃபில்
எங்கள் தவணையைப்போல் இருமடங்கு வாடகை கொடுத்து
இரண்டு அறையில் இருக்கிறாள்.
செஸ் நன்றாக ஆடுவாள்.

இருபத்தைந்து ஆண்டு பதினேழானது.
கடைசித் தவணைக்கு இருவரும்
மழைக்கோட்டோடு வங்கிக்குப் போனோம்.
கெதினின் அப்பா சாகும்வரை
ஒரே ஒரு பவுண்டு பாக்கி வைத்திருந்தாராம்,
வங்கிப் பெட்டகத்தில்
பத்திரம் பத்திரமாக இருக்கட்டுமென்று.
நாமும் வைப்போம் என்றான்.
கவுண்டர் பெண் கனிவாகச் சொன்னாள்:
இங்கே பத்திரம் எதுவும் இல்லை ஐயா,
எல்லாம் கணினியில் ஒரு வரி.
அவன் முகம் தொங்கிப்போனது.
பையைத் துழாவி
அந்த ஒரு பவுண்டை நாணயமாகவே
கண்ணாடிக்கு அடியில் தள்ளினான்.
அவள் அதை இருமுறை எண்ணியதாக
வீடு திரும்பும்வரை சொல்லிக்கொண்டு வந்தான்.

அடுத்த மாதம் முதல் தேதி
விடியுமுன்பே விழித்துக்கொண்டேன்.
வாளியில் ஒவ்வொரு சொட்டாக மழை.
முப்பத்தேழு பவுண்டு
வழக்கம்போல் எழுந்து உடுத்திக்கொண்டு
கதவுவரை போய்
எங்கே என்று திரும்பிப் பார்த்தது.

கெதின், லவ்ரியின் கணக்கு எண்
உன்னிடம் இருக்கிறதா என்றேன்.
தூக்கத்திலேயே அவன் சொன்னான்:
மழைத்தகரம்.