ஐந்து நிமிடம் நாற்பது நொடி

இருபத்தாறு வருடமாக
ஏழு மாடி ஏறி இறங்குகிறேன்,
உட்கார்ந்தபடியே.
ஃபோர்ட்டில் ஒரு பழைய கட்டடம்.
மடக்குக் கம்பிக் கதவு, பித்தளைப் பிடி,
முதுகில்லாத ஸ்டூல்.
ஒரு நாளைக்கு நானூறு தடவையாவது
எந்த மாடி என்று கேட்டிருப்பேன்
நாலு பாஷையில்.

ஜூலை மழையில் லிஃப்ட் குழிக்குள் தண்ணீர்.
ஐந்தாம் மாடி தாருவாலா மேடத்தின் சாப்பாட்டுப் பையோடு
படியில் போனேன்.
மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு வலி.
நெஞ்சில் இல்லை,
இடது தாடையில்.
கடைவாய்ப் பல் என்று நினைத்தேன்.
நின்றேன், போனது.
ஏறினேன், வந்தது.
எந்தப் பல்லடா படியை எண்ணி வலிக்கும்
என்று மேடம்தான் திட்டி அனுப்பினார்.

சயான் ஆஸ்பத்திரியில்
படுக்கவைத்து எடுத்த ஈசிஜியில்
குற்றம் ஒன்றும் இல்லை.
எனக்கு நிம்மதி. டாக்டர் கேத்கருக்கு இல்லை.
சின்ன வயசு, சட்டைப்பையில் பேனா கசிந்த நீலம்.
"படுத்திருக்கும் இதயத்திடம்
நாம் இன்னும் எதுவுமே கேட்கவில்லையே" என்றார்.
படிவத்தைப் படித்தார்:
தங்கையா எபநேசர், ஐம்பத்து நாலு.
தொழில் என்ற இடத்துக்கு வந்ததும்
உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ஷம்ஷாத் என்கிற பெண்
என் நெஞ்சு முடியைத் திட்டுத்திட்டாக வழித்தாள்.
பத்து ஒட்டு, பத்து வயர்,
கையில் பி.பி. பட்டை.
காலுக்குக் கீழே பெல்ட் நகர்ந்தது.

முதல் மூன்று நிமிடம்
தாதர் பாலத்தில் கூட்டம் தள்ளுகிற நடை.
பிடியை இறுக்காதீர்கள் என்றாள்.
பித்தளை பழகிய கை, விடவில்லை.
எதிரே சுவரில் ஒரு மருந்துக் கம்பெனி காலண்டர்.
அதை நோக்கித்தான் நடந்தேன்,
அது பக்கத்தில் வரவே இல்லை.

பிறகு மெஷின் தானாகத் தலையைத் தூக்கியது.
ஏற்றம் பன்னிரண்டு சதவீதமாம்.
வேகமும் கூடியது.
நாலரை நிமிடத்தில்
தாடை பேச ஆரம்பித்தது.

துக்தய் கா, என்று கேட்டாள்.
நஹி, என்றேன்.
வலி என்று ஒரு காகிதத்தில் ஏறிவிட்டால்
ஸ்டூல் போய்விடும்.
பட்டன் லிஃப்ட் போட
இரண்டு வருடமாகச் சாக்குத் தேடுகிறார்கள்.
மகளுக்கு இன்னும் இரண்டு செமஸ்டர்.
சிரித்துக்கூடக் காட்டினேன்.

பொய் சொன்னது வாய் மட்டும்.
ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தேன்.
ஒவ்வொரு துடிப்பும் மேலே போய்விட்டு
தன் தரைக்குத் திரும்பி நிற்காமல்
கொஞ்சம் கீழே இறங்கி
அங்கேயே நின்றது.

ஈசிஜி எனக்குப் படிக்கத் தெரியாது.
இது தெரியும்.
மாடித்தளத்துக்கு நேராக நிற்காமல்
இரண்டு அங்குலம் தாழ்ந்து நிற்கும் லிஃப்டை
எத்தனை பார்த்திருக்கிறேன்!
பாரம் இல்லாதபோது சரியாக நிற்கும்.
ஆறு பேர் ஏறினால்தான் தெரியும்.
மெக்கானிக் வரும்வரை
யாரையும் ஏற்றக் கூடாது.

"வலிக்கிறது" என்றேன், தமிழில்.
அதற்குள் கேத்கர்
சிவப்புப் பட்டனில் கை வைத்திருந்தார்.

நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.
நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை.
ஷம்ஷாத் காகிதத்தைப் பிடித்துக் காட்டினாள்:
இரண்டு மில்லிமீட்டர்.
கொஞ்ச நேரம் கழித்து ஒன்றரை.
ஆறாவது நிமிடத்திலும்
கோடு முழுசாக மேலே வரவில்லை.
பாசிட்டிவ், என்றார் கேத்கர்.
ரத்தம் போகிற வழி எங்கேயோ குறுகியிருக்கிறது,
எங்கே என்று உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.
வேலையைப் பற்றி நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள்.
லிஃப்டில் ஒரு பையன், காக்கிச் சட்டை,
என்னைப் போலவே ஒரு ஸ்டூல்.
எந்த மாடி, என்று என்னைக் கேட்டான்.
எனக்குப் பதில் வரவில்லை.
மூன்று, என்றாள் ஷம்ஷாத் பின்னாலிருந்து.

கதவு திறக்கும்போது
குனிந்து பார்த்தேன்.
லிஃப்டும் தரையும் ஒரே மட்டம்.
நல்லா நிறுத்துற தம்பி, என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.