மேல் வரிசை மட்டும்

"மேல் வரிசை மட்டும் போதும்" என்றேன்.
வினிப்பெக், பெம்பினா நெடுஞ்சாலை, இரண்டாம் மாடி.
டாக்டர் ஹலினா கோவல்சுக் திரையில் என் வாயை
விற்பனைக்கு வந்த வீட்டைப் போலச்
சுற்றிச் சுற்றிக் காட்டினார்.
இரண்டு வரிசைக்கும் ஐயாயிரத்து நானூறு.
ஒன்றுக்கு மூவாயிரத்துக்குச் சற்றுக் கீழே.
மிச்சத்தில் வேனுக்குக் குளிர்கால டயர் நான்கு.
"கீழ்ப் பல்லை யார் பார்க்கப் போகிறார்கள்?"
அவர் சிரித்தார்.
நான் அவருடைய கீழ்ப் பற்களைப் பார்த்தேன்.

உண்மையில் என் மேல் பற்களையும் யாரும் பார்ப்பதில்லை.
தொலைபேசியில் மொழிபெயர்ப்பவள் நான்.
பேஸ்மென்ட் அறை, ஹெட்செட், பெயருக்குப் பதில் ஓர் இலக்கம்.
மருத்துவமனை, நீதிமன்றம், குடிவரவு அலுவலகம்.
ஒருவர் "எனக்கு நெஞ்சு நோகுது" என்றால்
என் நெஞ்சு ஆங்கிலத்தில் நோகும்.
சொந்தமாக ஒரு சொல் சேர்க்கக்கூடாது.
கேட்ட ஒரு சொல்லை விடவும் கூடாது.
பிறகேன் பல்லுக்கு இவ்வளவு காசு?
நாற்பத்தாறு வயதில் ஒருத்திக்கு
ஒரு வரிசையாவது நேராக இருக்கட்டுமே.

பதினாறு உறைகள், வாரத்துக்கு ஒன்று.
நாளில் இருபத்திரண்டு மணித்தியாலம் வாய்க்குள்.
மீதி இரண்டில் புட்டு, தேத்தண்ணி, பல் தீட்டல்.
ஐந்தாவதை டிஷ்யூவில் சுற்றிவைத்து
டிம் ஹோர்ட்டன்ஸ் குப்பையில் கொட்டிவிட்டு
மைனஸ் முப்பத்தொன்றில் திரும்பி ஓடினேன்.
கடைப் பெடியன் கையுறை தந்தான்.
"என்ன தொலைத்தீர்கள்?"
"பல்" என்றேன்.
மரியாதையாக விலகி நின்றான்.

இலக்கணம் சரியாகத்தான் சொல்லிவைத்திருக்கிறது:
நாநுனி மேற்பல்லின் அடியைத் தொட
தகரம் பிறக்கும், நகரம் பிறக்கும்.
என் நாக்கு தொட்டதோ பிளாஸ்டிக்கை.
எல்லோரும் பயப்படுகிற ழ தப்பித்துக்கொண்டது;
பல்லிடம் அதற்குக் கடன் இல்லை.
த நனைந்துவிட்டது.
தம்பி, தண்ணீர், திகதி, தீர்ப்பு,
எல்லாம் வாசலில் கால் தடுக்கியே வெளியே போயின.

ஏழாம் உறை, இரண்டாம் நாள்.
பிராண்டனில் ஒரு மருத்துவமனை.
ஸ்கேன் அறையில் மனைவி.
பக்கத்தில், இறைச்சித் தொழிற்சாலை இரவு வேலையிலிருந்து
நேரே வந்திருந்த கணவர்.
டாக்டர் ஒரே ஒரு வசனம் சொன்னார்.
நான் தமிழில் சொன்னேன்:
"குழந்தையின் இதயத் துடிப்பு தெரியவில்லை."
இத்தனை தகரம் ஒரு வசனத்துக்குள் இருக்குமென்று
அதுவரை எனக்குத் தெரியாது.
இழுபட்டு, ஈரமாகி, உடைந்து போனது.

நீண்ட நேரம் இயந்திரத்தின் சத்தம் மட்டும்.
பிறகு அவர் குரல், மிக மெதுவாக:
"தங்கச்சி, நீங்கள் அழாதேங்கோ."

கேட்ட ஒரு சொல்லை விடக்கூடாது.
ஆங்கிலத்தில் சொன்னேன்.
தன்னைத்தான் சொல்கிறார் என்று டாக்டர் நினைத்திருக்க வேண்டும்.
"நான் அழவில்லை" என்றார்.
அதையும் தமிழில் சொன்னேன்:
"நான் அழேல்லை."

அழைப்பு முடிந்ததும் உறையைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.
அன்று இருபத்திரண்டு மணித்தியாலம் நிறையவில்லை.

ஏப்ரலில் ஆற்றில் பனி உடைந்தது.
மேல் வரிசை இப்போது கோடு போட்ட கொப்பி.
கீழே, ஒன்று தோளை முன்னே தள்ளி
ஒன்று பின்னால் ஒதுங்கி
தாமதமான பஸ்ஸுக்குக் காத்திருக்கும் சனம்.
"கடி மாறியிருக்கிறது, கீழேயும் செய்துவிடலாமே" என்றார் டாக்டர்.
டயர் வாங்கியாகிவிட்டது என்றேன்.

வேனுக்குள் உட்கார்ந்து ஆப்பிள் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன்.
மேல் விளிம்பில் அடிமட்டம் வைத்துக் கீறிய கோடு.
கீழ் விளிம்பில் என் கையெழுத்து.
கடித்த இடம் பழுப்பாகத் தொடங்கும் வரை பார்த்திருந்துவிட்டு
மிச்சத்தையும் தின்றேன்,
கீழ்ப் பற்கள் பக்கமாக.