வியாழக்கிழமைப் படம்

முதலில் பாட்டுத்தான் போட்டேன்.
ரஷ்ய ஆண்குரல்கள், வாத்தியம் ஏதுமில்லை,
ஆழக் கிணற்றிலிருந்து
நிறைவாளி ஏறிவருவதுபோல.
"ஆரும் மௌத்தாகிட்டாங்களா மச்சான்?" என்றான் றிஸ்கான்.
இல்லை, அறுவடைப் பாட்டு என்றேன்.
நம்பவில்லை.

கல்முனை, போட்டோக்கொப்பிக் கடை மேல்மாடி.
கலியாண மண்டபத்தில் இரவல் வாங்கிய ஸ்பீக்கர்,
பதினொரு பிளாஸ்டிக் கதிரை, ஒன்றுக்குக் கால் சரியில்லை.
புதிதாக வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்:
கதை எப்ப தொடங்கும் என்று கேட்காதீர்கள்.

பிறகு போலந்துப் படம். கறுப்பு வெள்ளை.
கொதிக்கிற எண்ணெயில் இறால் விழுவதுபோல ஒரு மொழி,
ஷ், ச், ஷ்.
கீழே ஓடும் ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்து
நான் தமிழில் சத்தமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பனிக்குள் ஒரு வரிசை.
கடைக்கதவு பூட்டு.
கடைசியாய் வந்தவள் முன்னால் நிற்பவளிடம் கேட்கிறாள்:
"என்ன குடுக்கிறாங்க?"
"தெரியாது. நிக்கிறம்."

"காஸ்தான்" என்றா நஜீபா ராத்தா,
வெறும் சிலிண்டரோடு மூன்று நாள் நின்றவ.
மாடியே சிரித்தது.
பிறகு நான்கு நிமிடம் கமெரா அசையவில்லை.
ஒருவரும் போனை எடுக்கவில்லை.
இருட்டில் யாரோ, அனேகமாகக் குலேந்திரன்,
"அந்தக் கிழவனுக்கு ஒரு கதிரை குடுங்கடா" என்று
திரையைப் பார்த்துச் சொன்னார்.

எங்கே மொழிபெயர்ப்பை நிறுத்தினேன் என்று
எனக்கே நினைவில்லை.

சுவிட்சைப் போட்டதும் றிஸ்கான் எழும்பவில்லை.
"அந்த வெட்டுப் பாட்ட இன்னொருக்காப் போடு.
நெல்லா, கோதுமையா?"

தெரியாது என்றேன்.
வொலியூமைக் கூட்டினேன்.