குப்பை வண்டி வரும் நேரம்

ஏழு நாற்பதுக்கு அது பாடிக்கொண்டு வரும்.
கீலுங்கில் மழை விடுவதில்லை; ஆகவே
குடையும் பையுமாய்
ஆறு மாடியும் தெருவில் இறங்கி நிற்கும்.
எங்களை மொத்தமாகப் பார்க்க
வேறு நேரம் கிடையாது.

தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு நின்றேன்.
மீன் முள் வாடைக்கும்
ஊறிப்போன தேயிலைக்கும் நடுவே
பேனா கை மாறியது.

மூன்றாம் மாடி ஷிஹ் மின்-யுன்னால் தொடங்கியது இது.
அணுமின் நிலையத்தில் புதிதாய்ச் சேர்ந்தவள்,
கதிர் அளக்கும் வில்லையைச் சட்டையிலிருந்து கழற்ற மறந்து
காய்ச்சலில் ஒரு வாரம் வீட்டில் கிடந்தாள்.
திரும்பப் போனதும் விசாரித்தார்கள்:
உலைக்கு எவ்வளவு பக்கத்தில் போனாய்?
உலைப் பக்கமே போகவில்லை, என்றாள்,
படுக்கையில் இருந்தேன்.

கருவி ஒன்றை இரவல் வாங்கி வந்தோம்.
டிபன் பெட்டி அளவு.
ஜன்னலருகே சும்மா இருந்தது.
தலைமாட்டுச் சுவரில் வைத்ததும்
எண்ணெயில் விழுந்த கடுகாய்ப் பொரிந்தது.
சுவருக்கும் காது உண்டென்று
இத்தனை காலம் குரலைத் தாழ்த்திச் சண்டை போட்டிருக்கிறோம்.
வாயும் உண்டென்று யாரும் சொல்லவில்லை.

கம்பிதான், என்றார்கள்.
எந்த ஆலையிலோ எந்தப் பழைய இரும்போடோ உருகி,
கேட்பாரில்லாமல்
காங்கிரீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்ட கம்பி.
கதிர் என்ற சொல்
நெல்லுக்கு உண்டு, விடியலுக்கு உண்டு.
எங்கள் தூணில் முற்றியதை
எதோடு சேர்ப்பது?

அந்தத் தூணில்தான்
என் மகனின் உயரத்தைப் பென்சிலால் குறித்தேன்,
பதினோரு கோடுகள்.
முதுகு ஒட்டவில்லை, நன்றாக ஒட்டி நில் என்று
அதட்டியிருக்கிறேன்.

நகராட்சி ஆட்கள் வந்தார்கள்.
மாடிப்படியில் அளந்தார்கள், மொட்டைமாடியில் அளந்தார்கள்,
எங்கள் தூணையும் அளந்தார்கள்;
எல்லாவற்றையும் கூட்டி வகுத்து
சராசரி பயப்படும்படி இல்லை என்றார்கள்.
சராசரியில் யாரும் தூங்குவதில்லை, ஐயா,
என்று எழுதிக் கொடுத்தோம்.
அந்த மனுவுக்கு ஒரு எண் கிடைத்தது.

எல்லோரும் கையெழுத்துப் போடவில்லை.
நான்காம் மாடி ஓயாங் பையைக் கீழே வைக்காமலே சொன்னார்:
“இன்னும் பதினாறு வருடக் கடன்.
செய்தி வெளியே போனால் நான் எதை விற்பேன்?”
அதில் பொய் இல்லை. எனக்குப் பதில் வரவில்லை.
“யாரிடம் விற்பீர்கள்?” என்றாள் மின்-யுன்.
அவர் குடையை மடக்கிக்கொண்டு மேலே போனார்.
இரண்டு வாரம்
குப்பையைப் பக்கத்துத் தெரு வண்டியில் போட்டார்.

ஒரு ஞாயிறு, வீடு பார்க்க ஒரு ஜோடி வந்தது.
துறைமுகம் தெரியும் ஜன்னலைத் திறந்து காட்டினாராம்.
குளியலறை, சமையல் மேடை, எல்லாம் பிடித்தது.
தொட்டிலை இந்த மூலையில் போடலாமே, என்றாளாம் அந்தப் பெண்,
தூணைத் தொட்டுக்கொண்டு.
“அங்கே வேண்டாம்.”
ஏன், என்று கேட்டிருக்கிறாள்.

அன்று ஏழு நாற்பதுக்கு அவர் கையில் குப்பையும் இல்லை,
குடையும் இல்லை.
பேனாவை வாங்கினார்.
நனைந்த விரலில் அது இரண்டு முறை வழுக்கியது.
பெயரை மிகப் பெரிதாக எழுதினார்,
இருவருக்கான இடத்தில்.

இப்போது எங்கள் கட்டிடத்தில்
எல்லாக் கட்டில்களும் அறையின் நடுவே கிடக்கின்றன,
வெள்ளம் வந்து தூக்கி வைத்ததுபோல.
இரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் முட்டிக்கொள்கிறேன்.
கம்பி விற்ற கம்பெனி கைமாறிவிட்டதாம்,
கட்டியவர் முகவரியில் இப்போது பல் டாக்டர்.
வழக்கு அடுத்த மாதம்.

வண்டி ஓட்டும் பாங்குக்கு இதில் கையெழுத்து இல்லை,
அவர் வீடு வேறு ஊரில்.
எங்கள் வாசலில் மட்டும்
இரண்டு நிமிடம் கூடுதலாக நிறுத்துகிறார்.
பாட்டு முடிந்து
முதலிலிருந்து மறுபடி தொடங்குகிறது.
கடைசியாய் இறங்கி வருபவரும்
பேனாவைத் தொட்டுவிட நேரம் இருக்கிறது.