இரண்டு இஞ்சு

"தூக்கலாம்" என்றார் சவரிமுத்து பாஸ்,
கெப்புக்கு அடியில் படுத்தபடியே.
"வில்லுக்கும் அச்சுக்கும் நடுவில ரெண்டு இஞ்சுக் கட்டை,
முன்னுக்கு டோர்ஷன் பாரில ஒரு முறுக்கு.
ஆனா இழுக்கிறது பின்சில்லு மட்டும்தானே?
உயர்ந்தாலும் அக்கரப்பத்தனைச் சேத்துல
அதே சுத்துத்தான் சுத்தும்.
வளைவில கூடச் சாயும்.
உன் மனுசி ஏற ஒரு படி வேற போடணும்."

தெரியும்.
வெறும் பெட்டியோடு ஏறும்போது
மூன்று மூட்டை மணல் ஏற்றித்தான் போகிறேன்.
இறங்கும்போது லீக்ஸ் இருக்கும், பரவாயில்லை.

கியர்பெட்டியில் இடிப்பது
ஏழாம் நம்பர் லயத்துக்கு மேலே
ஒரே ஒரு கல்.
அதைப் பெயர்க்கக் கேட்டு ஆபீசுக்கு
மூன்று கடிதம் கொடுத்தாயிற்று.
பாதை கம்பனியுடையது,
கல்லும்.

கெப் என்னுடையது.
லீசிங் முடிய
இன்னும் பதினொரு மாதம்.

"தூக்குங்க பாஸ்."