பதினைந்தாம் தேதிக்குள்

நாமக்கல்லில் அன்றைக்கு
முட்டை நாலு ரூபாய் தொண்ணூறு காசு.
என் கையில் இருந்தவை விலைக்கில்லை.
ஒன்பது நாள் கரு.
இருட்டறையில் விளக்கு முனையில் வைத்தால்
ஓட்டுக்குள் சிவப்பாய்க் கிளைவிடும் ரத்தநாளம்.
அசைந்தால் பென்சிலால் ஒரு கோடு,
அசையாவிட்டால் பக்கெட்.

தடுப்பூசிக் கம்பெனியில் மூன்று வருஷமாய்
எனக்குத் தெரிந்த வேலை இதுதான்:
உள்ளே உயிர் இருக்கிறதா என்று
உடைக்காமல் சொல்வது.

வந்த மூன்று கடிதங்களை
அப்படிப் பார்க்க முடியவில்லை.

பெங்களூர்ப் பேராசிரியரின் பெயரைச் சொன்னதும்
மேனேஜர் பொன்னுரங்கம் நாற்காலியில் நிமிர்ந்தார்.
"கண்ண மூடிட்டுப் போம்மா,
அங்க பிஎச்டி முடிச்சா கதவு தானாத் தொறக்கும்."
கண்ணை மூடச் சொல்பவர்களிடம்
எனக்குத் தொழில்முறைச் சந்தேகம் ஒன்று உண்டு.

இரண்டாவது, ஜெர்மனியில் ஓர் ஊர்.
நவம்பரில் நாலரைக்கே இருட்டிவிடுமாம்.
இருட்டு எனக்குப் பழக்கம்தான்.
நாலு வருஷம், நல்ல உதவித்தொகை,
ஆனால் அவர்கள் கேள்வி எலியின் உறக்கம்.
என் கேள்வி வேறு:
ஒரு தட்டில் முப்பது முட்டை,
முப்பதுக்கும் ஒரே வைரஸ், ஒரே அளவு;
இருபத்தொன்பது அடங்கிய பிறகும்
அந்த ஒன்று ஏன் துள்ளுகிறது?

மூன்றாவது புவனேஸ்வர்.
தொடங்கி நாலே வருஷம் ஆன ஆய்வகம்.
இரண்டே மாணவர்கள்.

பெங்களூரின் ஆறாம் வருஷ மாணவரை ஃபோனில் பிடித்தேன்.
எல்லாம் அருமை என்றார்.
"ஞாயிறு லீவு உண்டுங்களா?"
சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகு
கொஞ்ச நேரம்
பின்னால் ஏதோ இயந்திரம் சுழல்வது மட்டும் கேட்டது.
அன்று ஞாயிற்றுக்கிழமை.

அதே இடத்தை முதல் வருஷமே விட்டு வந்த ரெஜினா
கரூரில் நீட் கோச்சிங்கில் விலங்கியல் எடுக்கிறாள்.
பஸ் ஸ்டாண்டு எதிரே டீ.
யாரையும் திட்டவில்லை.
"எனக்கு ஒத்து வரல, அவ்வளவுதான்"
என்று காலி டம்ளரை
மேசையில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் வேலையில் ஒரு விதி.
ஊசி போட்ட முதல் இருபத்துநாலு மணி நேரத்தில்
செத்த முட்டை கணக்கில் சேராது.
அது வைரஸால் அல்ல, ஊசி பட்ட காயத்தால்.
பரமத்தி வேலூர்ப் பாலத்தில் பஸ் ஏறும்போது
ரெஜினாவைச் சேர்ப்பதா விடுவதா என்று நின்றேன்.
எத்தனை நூறு முட்டையை
யோசிக்காமல் விட்டிருக்கிறேன்!

புவனேஸ்வரிலிருந்து அபராஜிதா மேடம்
நான் கேட்காத கேள்விக்கும் பதில் எழுதியிருந்தார்:
'போன மே மாதப் புயலில் எங்கள் உறைபெட்டி நின்றுபோனது.
எட்டு மாத மாதிரிகள் கெட்டுவிட்டன.
மாணவன் இரண்டு நாள் வரவில்லை. நானும் வரவில்லை.
மூன்றாம் வருஷத்துக்கு மேல்
பணம் உறுதி என்று என்னால் சொல்ல முடியாது.
தெரிந்துகொண்டு வாருங்கள்.
அந்த முப்பதாவது முட்டை, அதைப் பற்றி இன்னும் எழுதுங்கள்.'

பணம் பற்றிய வரியை இரண்டு முறை படித்தேன்.
வீட்டில் வாசித்துக் காட்டும்போது தாண்டிவிட்டேன்.

பதினான்காம் தேதி ராத்திரி
வருகிறேன் என்று எழுத ஒரு நிமிஷம்.
வரவில்லை என்று இரண்டு பேருக்கு எழுத
மூன்று மணி ஆனது.
பெங்களூருக்கு அனுப்பிய பிறகும்
பொன்னுரங்கத்தின் கதவு
எங்கோ சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

விடியற்காலையில்
பாலக்காட்டில் லோடு இறக்கிவிட்டு அப்பா வந்தார்.
"எத்தன வருசம்?"
"அஞ்சுங்ப்பா. ஆறும் ஆகும்."
டயர்க் கணக்கில் யோசித்தார்.
"நாலு செட்டு தேஞ்சுரும்."

பைப்படியில் கால் கழுவிக்கொண்டே கேட்டார்:
"அந்த ஊர்ல முட்ட என்ன வெல?"

மூன்று மாதமாய்
எல்லோரிடமும் எல்லாமும் கேட்டவள்
அதை மட்டும் கேட்டிருக்கவில்லை.