நியூட்ரல்

மூன்றடைப்பு தாண்டி, இறக்கத்தின் தலையில்
எண்பதில் வைத்து நியூட்ரலுக்குத் தள்ளினேன்.
ரோட்டோரத்து இருநூறு மீட்டர் கற்களை
மசூது விரல்விட்டு எண்ணினான்.
நாலாவது கல்லுக்கு முன்பே
செருப்பறுந்தவள் மாதிரி
நின்றுவிட்டது காண்டஸா.

"போன வருஷம் பாலத்தையும் தாண்டி உருளும்லாக்கா?"
உருளும்தான்.

தெற்கே, பணகுடிப் பக்கம் போனால்
கரண்டு எடுக்காத நேரத்திலும்
சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் காற்றாடிகள்.
எதையும் இழுக்காமல் சுற்றுவது
இரும்புக்குத் தெரிந்த விஷயம்தான்.

கால் மைலைப் பன்னிரண்டரை நொடியில் முடித்த வண்டி,
இப்போது பதின்மூன்றே கால்.
ஜப்பான் இன்ஜின், ஆறு சிலிண்டர்.
அதன்மேல் பழி போட்டது நான்.
பீடி இலை ஏவாரத்துச் சீட்டை எடுத்து
டர்போ மாற்றினான் மசூது, எண்பத்தையாயிரம்.
பதின்மூன்றே கால்.

தச்சநல்லூர் பட்டறையில், நாலு ஸ்டாண்டின் மேல் வண்டி.
பிரேக்கில் பிடிப்பில்லை.
ஷாஃப்டைக் கழற்றினால் பின்னச்சு பூப்போலச் சுற்றுகிறது.
திரும்ப மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, நியூட்ரல்.
சக்கரம் சுற்றுகிறது.
ஆயில் குளிர்ந்திருந்தால் கொஞ்சம் சுற்றும், வழக்கம்தான்.
சூடேறிய பிறகும் சுற்றுகிறது.
கொம்பையா உடைமரக் கட்டையை டயரில் கொடுத்தான்.
கட்டை புகைந்தது.
நான் நியூட்ரல் என்கிறேன்,
சக்கரம் நம்பமாட்டேன் என்கிறது.

ஆயில் மட்டம் சரி. கூலர் குழாயில் ஓட்டம் சரி.
பிரஷர் முள் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறது.
அப்படியானால்
உள்ளே. நான் பூட்டின இடத்தில்.

பெட்டியை இறக்கும்போது ராத்திரி பத்து.
ஆயிலில் கருகின பாகு நெடி,
விரலிடுக்கில் மை மாதிரித் தூள்.
டிரம்முக்குக் காற்றடித்தேன்:
தொப்பென்று பிஸ்டன் ஏறியது, விட்டதும் இறங்கியது.
ஸ்பிரிங் சாகவில்லை.
ஃபீலர் கேஜைச் செருகினேன்.
தட்டுக்குப் பத்து தௌ, ஆறு தட்டுக்கு அறுபது.
பதினெட்டுக்கு மேல் நுழையவில்லை.

எண்ணினேன்.
ஏழு.

ஏழாவது நான் வைத்தது.
பவர் கூடுகிறதே, பிடியும் கூடட்டுமென்று
பிஸ்டனைக் கடைந்து இடம் பண்ணி
சடங்கு வீட்டுக் கூட்டத்தை ஒரே ஆட்டோவில் அடைப்பதுபோல்
நான் அடைத்தது.
பிடி என்றால் பிடித்தது. சந்தோஷப்பட்டேன்.
விடு என்றபோது, விலக இடமில்லை.
இரும்புத் தட்டெல்லாம் சூட்டில் நீலம் பாரித்து
மயில் கழுத்து மாதிரி இருந்தது.
அழகாகத்தான் இருந்தது.

கொம்பையா டீ வாங்கப் போயிருந்தான்.
ஏழாவது தட்டு மேசைமேல்.
பழைய இரும்பு டப்பா என் காலடியில்.
டப்பாவையே பார்த்துக்கொண்டு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் தட்டை மசூது கையில் கொடுத்தேன்.
"உன் டர்போ இதுதான்."
அவனுக்குப் புரிய இரண்டு நிமிஷம் ஆனது.
புரிந்த பிறகு
தட்டைத் திருப்பித் தரவில்லை.

வெள்ளிக்கிழமை. ஆறு புதுத் தட்டு,
கடையாத பிஸ்டன், அறுபத்திரண்டு தௌ.
அதே இறக்கம், அதே எண்பது.
நாலாவது கல் போனது. பாலம் போனது.
நுங்குக்கடைக்காரர் பின்னால் போனார்.
டயர் சத்தம் மட்டும்.
எட்டாவது கல்லருகே
இன்னொரு முழம் போகலாமா என்று யோசித்து
வண்டி நின்றது.

"டர்போக் காசு எப்படிக்கா?"
மாசம் பத்தாயிரம் என்றேன்.
"ஒம்பது மாசம்லா ஆவும்."
ஆகும்தான் என்று
டிரைவுக்குத் தள்ளினேன்.